மூன்றாம் நம்பர் லேடில்

ஆபித்தை நான் மூன்று முறை அடித்தேன். ஊரில் ஒரு அறை என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு அறை இல்லை. கன்னத்தில் ஒன்று, பிடரியில் ஒன்று, கீழே சரிந்து உட்கார்ந்தவனை விலாவில் காலால் ஒன்று. கிரேன் கேபினுக்குள் கையை முழுதாக வீச இடம் கிடையாது, இருந்திருந்தால் இன்னும் போட்டிருப்பேன். சொல்வதென்றால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குகிற வேலையை நாலு மாதம் செய்து பார்த்துவிட்டேன்.

என் பெயர் மீரா சாகிப். வயது நாற்பத்தொன்பது. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் வருகிற சாலையை ஒட்டி ஒரு எஃகு ஆலை இருக்கிறது. அங்கே லேடில் பகுதிக்கு நான் ஃபோர்மேன். ஆபித் அதே ஷெட்டில் கிரேன் ஓட்டினான். என் ஒரே தங்கை சித்திக்காவின் புருஷன். துபாயிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவனை நான்தான் உள்ளே சேர்த்துவிட்டேன். அதை மாதம் ஒரு தடவையாவது அவனுக்கு ஞாபகப்படுத்துவேன். அப்படிப்பட்ட ஆள் நான், அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

லேடில் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இரும்பு வாளி. ஃபர்னஸில் உருகிய எஃகை அதில் வாங்குவோம். பன்னிரண்டு டன், ஆயிரத்து அறுநூற்று ஐம்பது டிகிரி. கிரேன் அதைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் மறுகோடிக்குப் போகும். அங்கே காஸ்டர் மேடையில் எஃகு அச்சுக்குள் இறங்கிக் கட்டியாகும். வாளியின் தகடு ஆயிரத்து ஐந்நூறு டிகிரியிலேயே உருகிவிடும். அதாவது உள்ளே இருப்பதும் இரும்பு, அதைப் பிடித்திருப்பதும் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் அடுக்கியிருக்கிற ஒன்பது அங்குலக் கல் தாங்கினால்தான் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியும்.

அந்தக் கல் தாங்குகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு முறை உண்டு. அரசலாற்றுக் களிமண்ணைக் குழைத்து ஒரு டின்னில் வைத்திருப்பேன். எஃகு நிரம்பியதும் கையுறை போட்ட கையால் வாளியின் நாலு பக்கமும் ஒவ்வொரு பிடி அப்புவேன். அப்பிவிட்டு எண்ணுவேன். நாற்பதில் மண் வெளுத்தால் கல் நன்றாக இருக்கிறது. பத்திலேயே வெளுத்து வெடித்து உதிர்ந்தால் அந்தப் பக்கம் கல் தேய்ந்து சூடு வெளியே வந்துவிட்டது, லேடிலை ஒதுக்கிவிட வேண்டும். பதினெட்டு வருஷம் இந்த மண்ணை வைத்துத்தான் ஓட்டினேன். ஒரு லேடில்கூட ஓட்டை விழுந்தது கிடையாது. ஷெட்டில் என்னை மண் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அதில் பெருமை தாங்காது.

போன ஆவணி மாதம் வெள்ளை அட்டை வந்தது. எங்கள் மெல்டிங் மேனேஜர் திருஞானசம்பந்தம் வாங்கிப் போட்டார். கல்லுக்கும் தகடுக்கும் நடுவில் வைக்கிற பஞ்சு மாதிரியான அட்டை, ஒரு அங்குல கனம். சூட்டை வெளியே விடாது. எஃகு ஆறாமல் இருக்கும், ஃபர்னஸில் கரண்டு மிச்சம் என்றார். போட்டுப் பார்த்தோம். அடேயப்பா! முன்பு பக்கத்தில் போனாலே லுங்கி பொசுங்குகிற வாளி, இப்போது முழ தூரத்தில் நின்று பீடி பிடிக்கலாம் போல இருந்தது. சம்பந்தம் சார் டெம்பரேச்சர் துப்பாக்கியைத் தகட்டின் மேல் காட்டினார். முந்நூறு காட்டிய இடத்தில் நூற்றைம்பது. என் மண்ணோ, அறுபது எண்ணியும் ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா பாய், உங்க மண்ணே சொல்லிடுச்சு. இனிமே முப்பது ஹீட்டுக்கு ஒரு தடவை கல்லை உடைச்சு மாத்த வேணாம். நாப்பது வரைக்கும் ஓட்டுவோம்" என்றார் அவர். ஒரு தடவை எஃகை வாங்கிக் கொட்டினால் அது ஒரு ஹீட்.

"தாராளமா ஓட்டலாம் சார்" என்றேன். என் வாயால் நானே சொன்னேன்.

இங்கேதான் ஒரு விஷயம். லேடிலை வெளியிலிருந்து பார்க்கிறவன் நான். உள்ளே பார்க்கிறவன் ஷெட்டில் ஒரே ஒருத்தன்தான், மேலே கேபினில் உட்கார்ந்திருக்கிற கிரேன்காரன். காஸ்டரில் கொட்டிவிட்டுக் காலி வாளியைத் தூக்கி வரும்போது அதன் வயிறு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அட்டை வந்து இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழையில், டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் ஆபித். அவன் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். அதுவே எனக்கு எரிச்சல்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?"

"கோவப்படுற மாதிரி சொன்னா கோவம் வரத்தான் செய்யும். சொல்லு."

"முன்னாடியெல்லாம் கொட்டிட்டுத் திரும்பி ஃபர்னஸுக்கு வர்றதுக்குள்ள உள்ள இருக்கிற கல்லு கத்தரிக்கா நெறத்துக்கு வந்துரும். இப்ப வந்து சேந்தும் ஆரஞ்சாவே நிக்கிது. சூடு வெளியவே போவல மச்சான். கல்லுக்குள்ளயே உக்காந்துருக்கு."

"அதுக்குத்தான்டா அட்டை போட்டது. பேரு என்னன்னு நெனச்ச, அழகுக்கா?"

"அது இல்லீங்க. போர்வையைப் போத்திக்கிட்டா வெளிய தொட்டா சில்லுன்னுதான் இருக்கும். உள்ள படுத்திருக்கிறவனுக்குத்தான் வேவும். முன்னாடி கல்லு இடுக்குல இரும்பு புகுந்தா பாதி வழியில ஆறி, ஒறைஞ்சு, அங்கயே அடைச்சுக்கும். இப்ப ஒறையிறதுக்கு அந்தக் கல்லுல குளிர்ச்சி எங்க இருக்கு? ஓடிக்கிட்டே இருக்கும். மூணாம் நம்பர்ல மேக்கால பக்கம் ஒரு கோடு மினுங்குது. நான் பாத்தேன்."

நான் சிரித்தேன். நாலு பேர் கேட்கும்படி சிரித்தேன். "துபாய்ல ஏசி ரிப்பேர் பாத்த ஆளு லேடிலுக்கு வைத்தியம் சொல்றாரு, எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆபித் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை பிசகில்லை. என் மண்ணும் பொய் சொல்லவில்லை, துப்பாக்கியும் பொய் சொல்லவில்லை. தகடு நிஜமாகவே குளிர்ந்துதான் இருந்தது. தகடு குளிர்ந்தால் கல் நன்றாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பொய். வெளியே வர வழியில்லாத சூடு ஒன்பது அங்குலக் கல்லையும் கடைசி நுனி வரைக்கும் வேகவைத்துக்கொண்டிருந்தது, நான் வெளியே நின்று மண் அப்பி ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மடையன்.

கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் லேடிலுக்கு அது முப்பத்தெட்டாவது ஹீட். ஃபர்னஸைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே ஆபித் வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, லேடிலை மாற்றுங்கள் என்றான். ஃபர்னஸ்காரனுக்குக் கையைக் காட்டினேன், அவன் சாய்த்தான். பன்னிரண்டு டன்னும் குழியில் நின்ற வாளிக்குள் இறங்கியது. நான் போய் மண்ணை அப்பினேன். அறுபது எண்ணினேன். ஈரம்.

"தூக்குடா" என்றேன் வாக்கிடாக்கியில்.

கிரேன் நகரவில்லை.

"தூக்க மாட்டேன் மச்சான். போன ஹீட்டுல அந்தக் கோடு விரல் தண்டி ஆயிருச்சு. வாளி குழியிலயே இருக்கட்டும். அங்க தரை காஞ்சு கெடக்கு, ஓட்டை விழுந்தாலும் அங்கயே கெடந்து ஒறையும். ஆளுங்கள மட்டும் வெளிய அனுப்பிடுங்க."

அந்த வாக்கிடாக்கியை ஷெட்டில் எல்லோரும் கேட்பார்கள். காஸ்டர் மேடையில் எட்டுப் பேர், ஃபர்னஸில் மூன்று பேர், கொக்கி மாட்டுகிற ஆல்போன்ஸ், ஆபீஸ் ரூமில் சம்பந்தம் சார். எல்லோர் காதிலும் விழும்படி என் தங்கை புருஷன் என்னிடம் முடியாது என்கிறான். சம்பந்தம் சார் வெளியே வந்து, "என்ன பாய், எஃகு ஆறுது. உங்க வீட்டுப் பஞ்சாயத்தை வீட்டுல வெச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது.

முப்பதடி ஏணி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. கேபின் கதவைத் திறந்ததும் அவன் எழுந்து நின்று, "மச்சான், ஒரு தடவை இங்கேருந்து பாருங்க" என்றான். பார்க்கவில்லை. அடித்தேன். கன்னத்தில் விழுந்த அடியில் உதடு கிழிந்து ரத்தம் கண்ணாடியில் தெறித்தது. குனிந்தான், பிடரியில் போட்டேன். சரிந்து உட்கார்ந்தான், மிதித்தேன். அவன் கையை ஓங்கவே இல்லை. என்னைவிட பதினேழு வயசு சின்னவன், ஒரு தள்ளு தள்ளியிருந்தால் முப்பதடி கீழே போய் விழுந்திருப்பேன். தள்ளித் தொலைத்திருக்கலாம்.

"என் மண்ணு ஈரமா இருக்குடா. பதினெட்டு வருஷம்! உன் கண்ணு பெருசா என் கை பெருசா?"

"உங்க கை வெளிய தொடுது மச்சான். நான் உள்ள பாக்குறேன்" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டே.

அதற்கு அப்புறம் நான் சொன்னதுதான் அடியைவிட மோசம். எங்கள் ஆட்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். சித்திக்காவும் ஆபித்தும் இருந்தது எங்கள் வாப்பா அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. எத்தனை வருஷம் ஆனாலும் மாப்பிள்ளைக்கு அது மாமனார் வீடுதான்.

"அது எங்க வாப்பா கட்டுன வீடு. இப்ப நீ தூக்கலன்னா சாயங்காலம் உன் பெட்டியைக் கொண்டாந்து தெருவுல வெச்சிருவேன். சித்திக்கா என் பேச்சைத் தட்ட மாட்டா. புள்ளைய வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வாசல்ல நின்னு பாத்துட்டுப் போ."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அடித்தபோது அப்படி ஆகவில்லை. எழுந்து கிரேனை ஓட்டுகிற நெம்புகோலில் கையை வைத்தான்.

"சரிங்க. நீங்க எறங்குங்க. ஆல்போன்ஸைக் கொக்கி மாட்டுனதும் வெளிய ஓடச் சொல்லுங்க" என்றான்.

இறங்கினேன். இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஏறலாமா என்று ஏணியைப் பிடித்தபோது சைரன் அடித்தது, கொக்கி இறங்கியது. ஆல்போன்ஸ் மாட்டினான். ஆல்போன்ஸுக்கு அண்ணன் பாரீஸில் இருக்கிறான், பேப்பர் வந்ததும் நானும் போய்விடுவேன் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன். "ஓடச் சொல்றான்டா அந்தப் பயந்தாங்கொள்ளி" என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கேபினைப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், வாசலைப் பார்த்து நடந்தான்.

லேடில் எழும்பியது. வழக்கமாக நேரே காஸ்டர் மேடைக்குப் போகும். ஆபித் அப்படிப் போகவில்லை. கிழக்குச் சுவரை ஒட்டி, ஆள் இல்லாத பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். அந்தக் கோடியில் ஒரு மணல் திட்டு உண்டு, அவசரத்துக்கு லேடிலை இறக்குகிற இடம். அவன் காஸ்டருக்குப் போகவே போவதில்லை, மணலில் கொண்டுபோய் வைக்கப் போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் கண்ணை மறைத்தது. கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வாளிக்குக் கீழேயே ஓடினேன். "டேய், திருப்புடா! திருப்புடா நாயே!" என்று கத்திக்கொண்டே கம்பியைக் கேபினை நோக்கி எறிந்தேன். அது பாதி உயரம்கூடப் போகாமல் திரும்பி விழுந்தது.

அப்போதுதான் பார்த்தேன். வாளியின் மேற்குப் பக்கத் தகட்டில், நான் அப்பிய மண்ணுக்கு ஒரு முழம் கீழே, ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. பார்க்கும்போதே உள்ளங்கை அளவாயிற்று. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகி, அந்த இடத்தில் தகடு இல்லாமல் போயிற்று. என் மண் மேலே அப்போதும் வெடித்து உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எஃகு கொட்டவில்லை, பீறிட்டது. ஒரு ஆள் தொடை கனத்துக்கு வெள்ளையாக வளைந்து போய் எதிர்த் தூணில் அடித்தது. தூண் மேலே போன கேபிள்கள் ஒரே வீச்சில் கருகி அறுந்து தொங்கின. தரையில் விழுந்த எஃகு கான்கிரீட்டை வெடிக்கவைத்தது, கல் சில்லு சில்லாகப் பறந்தது. ஒரு சில்லு என் இடது கையில் புகுந்து மறுபக்கம் வந்தது. பார்க்க முடியாத வெளிச்சம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் மூடிய இமைக்குள் சிவப்பாக அடித்தது. தீ தொடாமலே அந்த வெளிச்சம் மட்டும் பட்டு என் சட்டை புகைந்தது.

காஸ்டர் மேடையிலிருந்து எட்டுப் பேரும் குதித்து ஓடினார்கள். மேடைக்குக் கீழே தண்ணீர்க் கால்வாய் ஓடுகிறது, நெஞ்சளவு தண்ணீர். எஃகு அதில் இறங்கியிருந்தால் ஷெட்டே இருந்திருக்காது, இதை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன். ஆபித்துக்கு அது தெரியும். கிரேனை அங்கேயே விட்டுவிட்டுப் பின்பக்க நடைபாதை வழியாக அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பீறிடுகிற வாளியைக் கால்வாயிலிருந்து விலக்கி விலக்கிக் கிழக்குக் கோடிக்கே இழுத்துக்கொண்டு போனான். கேபினுக்கு அடியில் தீ நாக்கு ஏறுவது தெரிந்தது. அவன் சட்டையின் முதுகு தெரிந்தது. அவன் நின்றுகொண்டு ஓட்டினான்.

மணல் திட்டுக்கு மேலே கூரைத் தகடு ஓட்டை. ஒன்றரை மாதமாக மழைத் தண்ணீர் அதில் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. எஃகு ஈர மணலில் விழுந்தது. மணலுக்குள் இருந்த தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி வெளியேற இடமில்லாமல் வெடித்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் அடித்தது. வாளி குலுங்கியது, மீதி எஃகு மேலே எழும்பிக் குடையாக விரிந்தது. கேபின் கண்ணாடி நாலு பக்கமும் உள்ளே போயிற்று. கூரைத் தகடுகள் பறந்து போய் மழையில் விழுந்தன.

ஆபித்தைக் கீழே இறக்க இருபது நிமிஷம் ஆனது. நான் ஏறினேன், ஒரு கையால். அவன் நெம்புகோலை விடவில்லை. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது, தோல் அதோடு போனது. அவன் கண் திறந்திருந்தது. "எல்லாரும்?" என்று கேட்டான்.

"எல்லாரும் இருக்காங்கடா. எல்லாரும் இருக்காங்க மாப்ளே" என்றேன்.

அதற்கு மேல் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் உயிர் அடங்கி மௌத்தாகிவிட்டான். வெந்த உடம்பைக் குளிப்பாட்ட முடியவில்லை, தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவித் தயம்மும் செய்துதான் கஃபன் துணி இட்டோம். கப்ருக் குழியில் இறங்கி அவனை வாங்கினவன் நான்தான். அடித்த கை, அதே கை.

அடக்கிவிட்டு நேரே ஆலைக்குப் போனேன். சம்பந்தம் சாரை ஆபீஸ் ரூமில் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு அடித்தேன். நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். மூக்கில் ரத்தம் வழிய அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டார்.

"படிங்க பாய். மூணாம் நம்பர், முப்பத்தெட்டாவது ஹீட், மண் ஈரம், ஓட்டலாம். கீழ யாரு கையெழுத்து? நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன். தொட்டுப் பாத்தவரு நீங்க."

என் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருந்தேன்.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிரேன் குறித்த பாதையை விட்டு விலகிப் போயிருக்கிறது, மணல் ஈரமாக இருந்ததை ஆபரேட்டர் பார்க்கவில்லை, அப்படி எழுதினால் யாருக்கும் சேதாரமில்லை, போனவன் போய்விட்டான் என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் அப்படியே சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பயம். ஜெயிலுக்குப் பயம், ஊருக்குப் பயம், எல்லாவற்றையும்விட சித்திக்காவுக்குப் பயம். அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவளிடமும் அதையே சொன்னேன். "நேராப் போடான்னு சொன்னேன்மா, அவன்தான் சுத்திக்கிட்டுப் போயிட்டான்."

நாலு மாதமும் பத்து நாளும் அவள் இத்தா இருந்தாள். புருஷன் மௌத்தானால் பெண் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற காலம். தினமும் காலையில் மீனும் காய்கறியும் வாங்கிப் போட்டேன். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். அவள் டீ கொடுத்து அனுப்புவாள், குடிப்பேன். ஊர் நியாயம் பேசுவேன். நல்ல அண்ணன், நல்ல நானா, தங்கச்சியைத் தாங்குகிறான் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அவள் நாளுக்கு நாள் இளைத்தாள். துக்கம், சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இத்தா முடிந்த அன்று புதுப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். கூடப்பிறந்தவன் கொண்டுபோவது வழக்கம். அவள் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முப்பது வயதுப் பெண், கையெலும்பு தெரிந்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தம்ளரைப் பார்த்ததும் அதற்கு மேல் மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. மனிதனுக்கு ஒரு அளவு உண்டு.

"சித்திக்கா, அவன் தூக்க மாட்டேன்னு சொன்னான்மா. நான்தான் தூக்கவெச்சேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கன்னம், பிடரி, விலா, பெட்டி, வாசல், வெள்ளிக்கிழமை. ஒன்றையும் விடவில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அடிச்சீங்களா?" என்றாள்.

"அடிச்சேன்."

"எப்ப? தூக்குறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அப்புறம் பேசினாள்.

"அவரு மேலேருந்து எனக்குப் போன் பண்ணினாரு நானா. ரெண்டரை மணி தாண்டி. 'மச்சான் தூக்கச் சொல்றாங்க, எனக்குச் சரியாப் படல, நீ என்ன சொல்றே'ன்னு கேட்டாரு. அடிச்சதச் சொல்லல. பெட்டியைச் சொல்லல. ஒண்ணும் சொல்லல. 'நானா பதினெட்டு வருஷம் பாக்குறாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சண்டை போடாதீங்க, தூக்குங்க'ன்னு நான் சொன்னேன். 'சரிம்மா'ன்னு வெச்சுட்டாரு."

அவள் அறைக் கதவைக் கையால் காட்டினாள்.

"நான் சொன்னதாலதான் தூக்குனாரு, நான்தான் கொன்னேன்னு நாலு மாசம் பத்து நாளு அந்த ரூமுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். அல்லாகிட்ட என்னையும் எடுத்துக்கன்னு கேட்டேன். புள்ள மூஞ்சியைப் பாக்க முடியல. நீங்க வாசல்ல உக்காந்து டீ குடிச்சீங்க."

"சித்திக்கா…"

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா நீங்க அடிச்ச அடியோடயே எறங்கி வந்திருப்பாரு. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒத்த வார்த்தை. அவரு அடி வாங்கிக்கிட்டு எங்கிட்ட கேக்குறாருன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா…"

பேச்சு நின்ற வேகத்தில் அவள் கை தம்ளரை எடுத்தது. எவர்சில்வர் தம்ளர், தண்ணீர் நிறைய இருந்தது. அதை என் முகத்தில் எறிந்தாள். புருவத்துக்கு மேலே விளிம்பு பட்டுக் கிழிந்தது. அடுத்தது சொம்பு, அது தோளில் பட்டது. அடுத்தது உட்காருகிற மரமணையைத் தூக்கினாள், ஓங்கியும்விட்டாள். நான் விலகவில்லை. மண்டை பிளந்தால் நல்லது என்றுதான் இருந்தது. அவள் ஓங்கிய கையோடு என்னைப் பார்த்தாள், பிறகு மணையைச் சுவரில் அடித்து இரண்டாக உடைத்தாள்.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தாவணித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"தொடைச்சுக்குங்க. அந்த விசாரணை ஆபீசு எத்தன மணிக்குத் தொறக்கும்?"

"பத்து மணிக்கு."

"அங்க என்ன எழுதிக் குடுத்தீங்க? அவரு வழி மாறிப் போனாருன்னுதானே?"

தலையை ஆட்டினேன்.

"இப்ப எங்கிட்ட சொன்னத அங்க சொல்லணும். அடிச்சது, பெட்டி, எல்லாம். நான் போன்ல சொன்னத நான் சொல்றேன். ரெண்டு பேரும் சொல்லுவோம்."

"என்னை உள்ள வெச்சிருவாங்கம்மா."

"வெக்கட்டும்" என்றாள்.

புர்காவை மாட்டிக்கொண்டாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு கவியாவிடம் விட்டுவிட்டு வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தெருவில் கால் வைத்தவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். நான் ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவள் முன்னால் நடந்தாள், நான் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு பின்னால் போனேன்.